டேங்க் மூடியில் நான் வைத்த பொட்டு

மகனே,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு முகமில்லை. நீயும் அமலாவும் கோவில்பட்டியில் அந்த மாடி வீட்டுக்குக் குடிபோன பிறகு நான் உனக்கு எத்தனையோ தடவை போன் போட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, வேலைக்குப் போனாயா, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டேன். போனில் சொன்னால் அது உனக்கும் எனக்கும் தெரிந்ததோடு போய்விடும். நான் உன் பெண்டாட்டியைப் பேசியது நாலு பேர் முன்னால். அதைத் திருப்பி வாங்குவதும் நாலு பேர் அறியத்தான் நடக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம் ஊர் மகளிர் குழுக் கூட்டத்தில் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். படிக்கும்போது உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அது நியாயமான கோபம்தான்.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். நம் மினி டிராக்டர் நின்று நின்று போனதற்கு அமலா காரணமில்லை. அவள் டீசல் டேங்கில் தீர்த்தம் ஊற்றவில்லை, வேறு எந்தத் தண்ணீரும் ஊற்றவில்லை. வண்டியை நிறுத்தியது நான். ஆயுத பூசை அன்று டேங்க் மூடியில் நான் அப்பி வைத்த சந்தனம். இது எனக்குத் தெரிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். தெரியாமல் பேசியது ஒரு தப்பு என்றால், தெரிந்த பிறகு சும்மா இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டாவதை நினைத்தால்தான் எனக்கு இப்போது சோறு இறங்குவதில்லை.

அந்த ஆயுத பூசை உனக்கு நினைவிருக்கும். அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கும் மிஷின் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தோம். டிராக்டரை நீயும் அமலாவும் சேர்ந்து கழுவினீர்கள். உன் அப்பா கழுகுமலைப் பக்கம் ஒருவரிடம் பழசாக வாங்கிய வண்டி. அவர் போன பிறகும் அதை விற்காமல் வைத்திருக்கிறேன், நானே ஓட்டுகிறேன் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. அமலா குளத்தூர்ப் பக்கத்துப் பெண். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜின்தான் அவள் அப்பாவுக்குப் பிழைப்பு. அதனால் வந்த சில நாட்களிலேயே வண்டியை அவள் கையில் எடுத்துவிட்டாள். என்னைவிட நேராக உழவுச் சால் பிடித்தாள். வெளியே நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உள்ளே எனக்கு அது பிடிக்கவில்லை. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

பூசை அன்று அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள். "ஏட்டி, நீ விடு. அதெல்லாம் நான் வச்சுக்கிடுதேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். சாதாரணமாகச் சொன்னது போலத்தான் இருந்திருக்கும். ஆனால் நான் சொன்னது சாதாரணமாக இல்லை. நீ அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது சரி என்று சொன்னவள் நான்தான், அது வாயால் சொன்ன சரி. சிலுவை போட்ட கழுத்தோடு ஒரு பெண் நம் வீட்டுச் சாமிக்கு வைக்கிற சந்தனத்தைத் தொடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. இது யார் வீடு என்று அவளுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. எந்த வருடமும் இல்லாத அளவுக்கு அள்ளி அள்ளி வைத்தேன். முன் பக்கம், ஸ்டியரிங், மட்கார்டு, டேங்க் மூடி என்று ஒன்றையும் விடவில்லை. மூடியின் நடுவில் தோசைக்கு மாவு ஊற்றுகிற மாதிரி வட்டமாகத் தடவி, மேலே குங்குமத்தை அழுத்தி வைத்தேன்.

இந்த இடத்தில் மூடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய மூடி ஆடிக் காற்றில் ஓடும்போது எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. கோவில்பட்டிக்குப் போய்ப் புது மூடி வாங்கி வந்தது நான்தான். டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், அதற்கு மூடியில் மூக்குத்தித் துளை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பழைய மூடியில் அது பக்கவாட்டில் இருந்தது, பொட்டு வைத்தாலும் படாது. புது மூடியில் நட்ட நடுவில் உச்சியில். அதன் மேல்தான் நான் சந்தனத்தை அப்பினேன். அது காய்ந்து, நம் கரிசல் புழுதியும் டீசலும் சேர்ந்து, சிமெண்ட் பூசியது போல் இறுகிவிட்டது. காற்று போகாத டேங்க் டீசலைக் கீழே விடாது. கொஞ்ச நேரம் ஓடும், இருமும், நின்றுவிடும். மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும்.

இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்காமல் நாம் என்னவெல்லாம் செய்தோம்! பில்டரை மாற்றினாய். டீசல் டியூபில் விரிசல் இருக்கும் என்று புதிதாகப் போட்டாய். காற்று பிடித்திருக்கிறது என்று நட்டைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கி அமுக்கி நுரை போகும் வரை உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு தடவையும் டீசல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம், அதனால் ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டது போலத் தெரியும். பிறகு களை ஓட்டப் பருத்திக்குள் இறக்கினால் பாதி வயலில் நின்றுவிடும். மழை பெய்து மண் பதமாக இருக்கிற நேரம், களை பருத்தியை மூடிக்கொண்டு வருகிறது. இன்னொரு மழை விழுந்தால் கரிசலுக்குள் கால் வைக்க முடியாது. எனக்கு எரிச்சல் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் புஞ்சைக் காட்டுப் பேச்சியம்மாள் வேறு தினமும் வரப்பில் நின்று, "பூசை போட்ட வண்டி ஏன் மதினி இப்படிப் பண்ணுது?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு பொருள் கெட்டுப்போனால் கடைசியாக என்ன மாறியது என்று பார் என்பார் உன் அப்பா. நானும் பார்த்தேன். மூடி மாறியிருந்தது, அது என் கண்ணில் படவில்லை. பொட்டு பெரிதாகியிருந்தது, அதுவும் படவில்லை. என் கண்ணில் பட்ட மாற்றம் ஒன்றே ஒன்று, அது அமலா. உனக்கு நான் சொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறது என்றால் இதுதான் மகனே. எதையும் சோதித்துப் பார்க்கும் முன்னால் நம் மனசுக்கு யாரைப் பிடிக்கவில்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொள். பழியைப் போட ஆள் தயாராக இருந்தால் கண் வேறு எதையும் பார்க்காது.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தைக் கேட்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அமலா பருத்திக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். களை வெட்ட வந்த பெண்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். நான் வரப்பில் நின்று பார்க்கிறேன், அவள் கொஞ்ச தூரம் போவாள், நிறுத்துவாள், இறங்கி மூடியைத் திறப்பாள், திரும்ப மூடிவிட்டு ஓட்டுவாள். அடுத்த சாலில் மறுபடி அதே கதை. சும்மா இருக்கிறவளுக்கே சந்தேகம் வரும். எனக்குக் கேட்கவா வேண்டும். அந்த நேரம் பார்த்து நீ மெக்கானிக்கை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தாய். அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, பில்டருக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் குப்பியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "யக்கா, இங்கன பாருங்க. அடியில தண்ணி நிக்குது. டீசல்ல தண்ணி கலந்திருக்கு" என்றார்.

எனக்கு உடனே ஒரு பாட்டில் ஞாபகம் வந்தது. அவள் ஊர்க் கோயில் திருவிழாவில் இருந்து அவள் அம்மா கொடுத்துவிட்ட தீர்த்தம், உங்கள் அறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவள் ஆட்கள் புது வண்டி வாங்கினால் தீர்த்தம் தெளிப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டேன். "ஏட்டி, மூடியத் திறந்து திறந்து என்னத்த ஊத்துத? நான் பொட்டு வச்சது பத்தாதுன்னு உங்க கோயில் தண்ணிய ஊத்துதியாக்கும்?" என்று கத்தினேன். களை வெட்டியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பேச்சியம்மாள் அவள் காட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் ஊத்தல அத்தை. மூடியத் திறந்தா ஓடுது, அதான் திறந்துட்டுத் திறந்துட்டு ஓட்டுதேன்" என்றாள் அமலா.

அவள் சொன்னதில் அத்தனையும் இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஓடுகிறது. கொஞ்சம் நிதானமாக யோசிக்கிற யாருக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மெக்கானிக்கூட ஏதோ கேட்க வாய் எடுத்தார், நான் விட்டால்தானே. "அவ கை பட்டதுலேருந்துதான் வண்டி விளங்கல" என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயில் இருந்து வந்தது. நான் டிராக்டர் ஓட்டப் பழகிய வருடம் மழை பொய்த்துவிட்டது. உன் சின்னத் தாத்தா, "பொம்பள ஏறி உழுத காட்டுல என்ன வெளையும்?" என்று ஊர்ப் பொது இடத்தில் வைத்துக் கேட்டார். அன்றைக்கு நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அந்தக் காயம் எப்படி இருக்கும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். அதே கத்தியை எடுத்து நானே செருகினேன்.

நீ அன்றைக்கு என்னை "அம்மா, சும்மா இரு" என்று ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம். அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாய். அம்மா, தனியாக இருப்பவள், பாவம் என்று நினைத்திருப்பாய். என் குற்றத்தில் உனக்குப் பங்கு கொடுக்க இதைச் சொல்லவில்லை. இனி எப்போதாவது நான் இப்படிப் பேசினால் அங்கேயே என் வாயை அடைத்துவிடு. வீட்டுக்கு வந்து தனியாக அவளைச் சமாதானப்படுத்துவது போதாது. நாலு பேர் முன்னால் விழுந்த சொல்லை நாலு பேர் முன்னால்தான் தடுக்க வேண்டும்.

அந்த வாரமே கிளம்பிவிட்டீர்கள். "நாங்க கொஞ்ச நாள் அங்கன இருக்கோம்மா. எனக்கும் வேலைக்குப் போக பக்கம்" என்றாய். துணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்த அமலா அந்தத் தீர்த்தப் பாட்டிலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மூடியோடு சேர்த்துச் சுற்றிய நூல்கூடப் பிரியவில்லை. நான் அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல் அடுப்படிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நீங்கள் போன பிறகு மீதிக் களையை ஓட்ட நானே வண்டியில் ஏறினேன். வழக்கம்போல் நின்றது. இறங்கி மூடியைத் திறந்து டீசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் மூடியை மட்கார்டு மேல் வைத்துவிட்டு அப்படியே ஏறி ஓட்டிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பருத்திக் காடு முழுவதையும் ஓட்டினேன். ஒரு தடவைகூட இருமவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் மூடி மட்கார்டில் கிடக்கிறது. மூடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், வீட்டுக்கு வருகிற வழியில் வண்டி நின்றது. திறந்தேன், ஓடியது. அப்போதுதான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள் பக்கம் இருந்து ஊக்கை விட்டுக் குத்தினால் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. என் கையால் குழைத்த சந்தனம், வாசனைகூடப் போகவில்லை. தண்ணீர் எப்படி வந்தது என்பதும் வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. டீசல் கேனைத் தாழ்வாரத்தில் வைத்து மூடாமல் விட்டிருக்கிறேன், ஓட்டில் இருந்து சொட்டுகிற மழைத் தண்ணீர் அதற்குள்தான் விழுகிறது. கேனை அங்கே வைக்கிறவளும் நான்தான்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். மறுநாள் பேச்சியம்மாள் வந்தாள். "பாத்தியளா மதினி, மருமக போனா, வண்டி எப்படி ஓடுது பாருங்க" என்றாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் "ஆமா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முன்னால் என் மானம் போகக் கூடாது என்பது தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒரு "ஆமா" ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. கடையில் கேட்டார்கள், ரேஷனில் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரிடமும் தலையை ஆட்டி வைத்தேன்.

நேற்று மகளிர் குழுக் கூட்டம் இருந்தது. குழுவுக்கு ஒரு சின்ன டிராக்டர் வருகிறது, நம் ஊர்க் காடுகளுக்கு வாடகைக்கு ஓட்டுவதற்கு. அதை ஓட்டுகிற வேலையை அமலாவுக்குக் கொடுப்பதாக முன்பே பேசி வைத்திருந்தது உனக்குத் தெரியும். கோவில்பட்டியில் இருந்து பஸ்ஸில் வந்து ஓட்டிவிட்டுப் போகிறேன் என்று அவளும் சம்மதித்திருந்தாள். நேற்று அவள் பெயர் வந்ததும் ஒருத்தி, "அவ வேண்டாம்ப்பா. அவ கை பட்டா வண்டி நிக்கும்னு அவிய மாமியாரே சொல்லுதாவ" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஆளைப் பார்க்கலாம், அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று எழுந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் கையில் இருந்த வேலையை நான் உட்கார்ந்த இடத்திலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் போட்டேன். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன், அதனால் நானே சொல்கிறேன். "ஏட்டி, டேங்க் மூடி ஓட்ட அடைச்சிருந்துச்சு. நான் வச்ச சந்தனம்தான். நீ ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"தெரியும் அத்தை" என்றாள்.

"எப்பலேருந்துட்டி தெரியும்?"

"ரெண்டாவது தடவ நின்னப்பவே பாத்துட்டேன். குத்தி விடலாம்னு ஊக்கக்கூட கழத்திக் கையில எடுத்துட்டேன்."

"பெறகு ஏன் குத்தல? ஒரு நிமிச வேலதான?"

"சாமிக்கு வச்ச பொட்டுல்லா அத்தை. நான் சுரண்டுதத யாராவது பாத்தா வேணும்னே அழிச்சுட்டான்னு ஆயிரும். உங்ககிட்ட எடுக்கச் சொல்லலாம்னு பாத்தேன். உங்க பொட்டால வண்டி நிக்குதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதான் திறந்து திறந்து ஓட்டுனேன். களை முடிஞ்சாப் போதும்னு இருந்தேன்."

நான் அவள் மேல் பழியைப் போட்டுக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை என் பொட்டு அழியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊர் முன்னால் கேட்டபோதுகூட அந்தச் சந்தனத்தைக் கை நீட்டிக் காட்டவில்லை. மன்னித்துவிடு என்று சொன்னேன். "இருக்கட்டும் அத்தை" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் அவமானமாகப் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. ஒரு பொட்டைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து பயந்து நடமாட வேண்டிய வீட்டை அவளுக்குக் கொடுத்தவள் நான். அதே வீட்டுக்கு எந்த வாயால் கூப்பிடுவேன்? அடுத்த கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வேறு யாரும் வாசிக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. பேச்சியம்மாளை எனக்கு எதிரே உட்காரச் சொல்லி, நானே எழுந்து நின்று வாசிக்கிறேன். அந்த வேலையை அமலாவுக்கே கொடுங்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வருகிறேன். உன்னைக் கூப்பிட இல்லை. நீ என் மகன், எப்படியும் வந்துவிடுவாய். அவளிடம் கேட்கத்தான் வருகிறேன். அவள் வரமாட்டேன் என்று சொன்னால், நீ அவளை ஒரு வார்த்தையும் வற்புறுத்தாதே.

உன் அம்மா